ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஆக பிஎச்.டி. வேண்டுமா?

கேள்வி: இந்தியாவில் எம்.எஸ்சி. உளவியல் முடித்தேன். இப்போது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். மகன் படிக்கும் பள்ளியின் ஸ்கூல் சைக்காலஜிஸ்டைச் சந்தித்ததிலிருந்து அந்த வேலை மீது ஆசை. அதற்கு பிஎச்.டி. வேண்டும் என்கிறார் ஒருவர், கவுன்சலிங் மாஸ்டர்ஸ் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொன்னதும் சரியில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் இந்த வேலைக்கு வழக்கமான தகுதி, மாஸ்டர்ஸுக்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருக்கும் ஸ்பெஷலிஸ்ட் நிலைப் படிப்பு. பல பல்கலைக்கழகங்களில் அதன் பெயர் எட்.எஸ். (எஜுகேஷன் ஸ்பெஷலிஸ்ட்); சில இடங்களில் எம்.ஏ. என்றே தருவார்கள். அதனால் பெயரை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் (நாஸ்ப் என்பார்கள்) கேட்பது குறைந்தது 60 கிரெடிட், 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 600 மணி நேரமாவது பள்ளியில். முழு நேரம் படித்தால் மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் வகுப்பும் பிராக்டிகமும் (மேற்பார்வையில் செய்யும் களப் பயிற்சி), மூன்றாவது வருடம் இன்டர்ன்ஷிப். பெயரில் ‘ஸ்கூல் சைக்காலஜி’ இருந்தும் முப்பத்தாறு கிரெடிட்டோடு, பள்ளி இன்டர்ன்ஷிப் இல்லாமல் முடிந்துவிடும் மாஸ்டர்ஸ் கண்ணில் பட்டால் ஒதுங்கிவிடுங்கள். அதை வைத்து உரிமம் வாங்க முடியாது.

ஸ்கூல் கவுன்சலர் வேறு ஆள். அதற்குப் படிப்பும் தனி, உரிமமும் தனி. அங்கே போய்விட்டு இங்கே வர நினைத்தால் பெரும்பகுதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

பிஎச்.டி. யாருக்கு? பல்கலைக்கழகத்தில் கற்பிக்க, ஆராய்ச்சி செய்ய, பள்ளிக்கு வெளியே உளவியலாளராகச் சொந்தமாகத் தொழில் நடத்த நினைப்பவர்களுக்கு. நாஸ்ப் கணக்கில் அது குறைந்தது 90 கிரெடிட், 1,500 மணி நேர இன்டர்ன்ஷிப்; ஆய்வேடும் சேர்ந்தால் ஐந்தாறு வருடம் ஓடிவிடும். அதன் பக்கம் ஒரு நியாயம் உண்டு: உதவித்தொகையும் கட்டண விலக்கும் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கிடைக்கும் அளவு எட்.எஸ். மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனாலும் பள்ளியில்தான் வேலை செய்யப் போகிறேன் என்று தெளிவாக இருப்பவருக்கு நான் எட்.எஸ். என்றே சொல்வேன்.

அந்தத் தெளிவு உங்களுக்கு வந்துவிட்டதா என்பதுதான் எனக்குச் சந்தேகம். குழந்தைகளோடு பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்து வந்து, முதல் வருடத்திலேயே திகைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழில் இவ்வளவு பெருகியதற்கு 1975-ல் வந்த சிறப்புக் கல்விச் சட்டம்தான் முக்கியக் காரணம். இன்றைக்கும் வேலையின் பெரும்பங்கு அந்தச் சட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், சிறப்புக் கல்வி தேவையா என்று குழந்தையை மதிப்பிட்டு முடிக்க வேண்டும் (மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அது). மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. ஒவ்வொன்றுக்கும் நீண்ட அறிக்கை, அப்புறம் கூட்டம். 500 மாணவருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது நாஸ்ப். நடப்பில் பல மாவட்டங்களில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒருவர் தலையில் விழுகிறது. எழுதுவதே பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது.

படிப்பில் மனத்தை அதிகம் பிழிவதும் மதிப்பீட்டு வகுப்புகள்தான். 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச், முன்னால் வண்ணக் கட்டைகள், எதிரே நெளிகிற குழந்தை. எந்தக் கேள்வியில் தொடங்குவது, எப்போது பின்னோக்கிப் போவது, எத்தனை தவறுக்குப் பிறகு நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் விதி. “சபாஷ், சரியாச் சொல்லிட்டே” என்று வாய் தவறிச் சொன்னாலும் பிழை. நீங்கள் நடத்தியதை வீடியோ எடுத்துக் கொடுத்தால் பேராசிரியர் வரி வரியாகச் சிவப்பு மையில் திருத்தித் தருவார். என் முதல் விடைத்தாளில் கூட்டலே தப்பு! ஒரு கூட்டல் பிழை ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தட்டிவிடலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் உங்கள் எம்.எஸ்சி.யில் சில பாடங்களுக்கு விலக்கு கிடைத்தாலும் இந்த வகுப்புகளைத் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். மல்லுக்கு நிற்க வேண்டாம், படித்துவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது: தமிழ். குழந்தையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது சட்டம்; அறவே முடியாதபோதுதான் விலக்கு. ஆங்கிலம் போதாததையே முதன்மைக் காரணமாக வைத்து ஒரு பிள்ளையைக் குறைபாடுள்ளவர் என்று முடிவுகட்டவும் கூடாது. வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்து, வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலச் சோதனையை அங்கேயே தமிழில் பெயர்த்துக் கேட்டுவிட்டு அதன் மதிப்பெண்ணை நம்பக் கூடாது. தரப்படுத்தியது ஆங்கில வடிவத்தைத்தான். இருமொழி மதிப்பீட்டுக்கென்று பாடம் வைத்திருக்கும் துறை கிடைத்தால் விடாதீர்கள்.

இனி விசா. எச்-4-ல் தாராளமாகப் படிக்கலாம். சிக்கல் மூன்றாவது வருடத்தில் வரும். சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்பை இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் எச்-4-ல் செய்ய முடியாது. கிரீன் கார்டுக்காகக் கணவருக்குப் போட்ட ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியாக வேலை செய்வதற்கான அனுமதியில் செய்ய வேண்டும். முழு நேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி. போய்விடும். பள்ளி ஆண்டு ஏறக்குறைய பத்து மாதம்தான் என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், இருந்தாலும் தேதிகளை எண்ணிக்கொள்ளுங்கள். சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இதைப் பேசிவிடுங்கள். விசா மாற்றம் அவசரத்துக்கு நடக்காது.

உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ஆசிரியர்களுக்குச் சான்றளிக்கும் ஆணையமே இதையும் தருகிறது. டெக்சாஸில் கல்வித் துறை தருவதில்லை, உளவியலாளர்களுக்கான வாரியம் தருகிறது. அங்கே பிராக்சிஸ் என்ற தேசியத் தகுதித் தேர்வோடு மாநிலச் சட்டம் பற்றிய தேர்வும் எழுத வேண்டும். குடும்பம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் வாய்ப்பு இருந்தால் நாஸ்பின் தேசியச் சான்றிதழையும் வாங்கிவைப்பது நல்லது. அதற்கு பிராக்சிஸ் 5403 தேர்வில் 155 எடுக்க வேண்டும். நாஸ்ப் அங்கீகரித்த துறையில் படித்திருந்தால் மற்ற காகித வேலையும் குறையும்.

துறையின் நேர்காணலில் அவர்கள் மட்டும் கேள்வி கேட்க விடாதீர்கள். போன வருட மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள், சம்பளம் கிடைத்ததா, வாரம் எத்தனை மணி நேரம் மேற்பார்வை, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த துறையைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், மகனுடைய பள்ளியின் அந்த சைக்காலஜிஸ்டிடம் அரை மணி நேரம் கேளுங்கள். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் சோதனை அறைக்குள் உங்களை விட மாட்டார்கள். ஆனால் போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தார் என்று கேட்டால் சொல்வார். பல துறைகளின் விண்ணப்பக் கெடு டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். ஆகவே அந்தப் பேச்சை இலையுதிர் பருவத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.