காய்ச்சல் விட்ட பிறகும் மூளைக்காய்ச்சலுக்கு ஊசி அளவைக் குறைக்காதது ஏன்?

"அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாளாச்சு, இன்னும் அதே அளவு ஊசி போடுறாங்க, பில்லுக்காகவா?" என்று கேட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பீங்க. பில்லுக்காக இல்லீங்க. தயவுசெய்து குறைக்கச் சொல்லாதீங்க.

நான் டாக்டர் இல்லை, கோபி பக்கம் மஞ்சள் விவசாயம். ஆனா இதே சண்டையை நானும் போட்டவன்.

2018ல் எங்க அக்காவுக்கு நிமோகாக்கஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல். கோயமுத்தூர்ல சேர்த்தோம். செஃப்ட்ரியாக்சோன்ங்கிற கிருமிக்கொல்லி ஊசி 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருக்கா. அஞ்சாம் நாள் அக்கா எந்திரிச்சு உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு கேட்டுச்சு. நான் போய் டாக்டரம்மாகிட்டச் சத்தம் போட்டேன்: "மாத்திரையாக் கொடுத்து அனுப்புங்க, வீட்ல பார்த்துக்கறோம்."

"உட்காருங்கண்ணா"ன்னு சொல்லி ஒரு தாள்ல வரைஞ்சே காட்டினாங்க. மூளையில ரத்தக்குழாய்ச் சுவரோட செல்கள் இடைவெளி இல்லாம ஒட்டியிருக்கும். ரத்தத்துல ஓடுற மருந்துல சிறு பங்குதான், மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி நிக்கிற தண்டுவட நீருக்குள்ள இறங்கும். இந்த நோயில மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வு வீங்கி அழற்சியில இருக்கும்போது அந்த ஒட்டு இளகி, மருந்து கூடுதலா உள்ளே கசியும். குணமாக ஆக ஒட்டு மறுபடி இறுகும், உள்ளே போற மருந்தும் குறையும். கிருமி மிச்சம் இருக்கலாம். மதகு இறங்கறப்ப வாய்க்கால்ல தண்ணி நிறைஞ்சு நின்னாத்தானே கடைமடைக்கு எட்டும்? மாத்திரையில அந்த அளவு ரத்தத்துல ஏறாது.

மருந்துக்கு மருந்து மாறும்னு பின்னாடி படிச்சேன். குளோராம்பெனிகால் கொழுப்பில் கரையறதால அழற்சி இல்லாமலே போகும். காசநோய் மருந்துல ஐசோநியாசிட், பைராசினமைடு ரெண்டும் நல்லாப் போகும், ஸ்ட்ரெப்டோமைசின் போகாது. ஜென்டாமைசின்ங்கிற கிருமிக்கொல்லியும் சரியாப் போகாது. வான்கோமைசின்ங்கிற கிருமிக்கொல்லி உள்ளே போக அழற்சி வேணும், கூடவே அழற்சியைத் தணிக்கிற ஸ்டீராய்டு போட்டா உள்ளே போறது இன்னும் குறையும்.

ஆஸ்பத்திரிக்கு வக்காலத்து வாங்கறேன்னு யாரும் சொல்ல வேண்டாம். அதே ஆஸ்பத்திரியில 68 வயசு எங்கம்மா 14 நாளும் ஐசியு வாசல்ல வெறும் தரையில படுத்தாங்க. பாய் விரிச்சா வாட்ச்மேன் எழுப்பி விடுவார். துணைக்கு வந்தவங்க படுக்க ஒரு கூடம் கட்ட இவங்களுக்கு இடமா இல்லை? இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிக்கங்க. வீட்டுக்கு அனுப்பும் முன்னாடி அம்மாவுக்குக் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்க, இந்த நோய் காதைப் பாதிக்கும். அக்காவுக்கு இடது காது சரியாக் கேட்கலைங்கறதை நாங்க கண்டுபிடிக்கவே மூணு மாசம் ஆச்சு.