யார் மேசையில் தட்ட வேண்டும்? எல்லையோரப் போராட்டக் கேள்வி பதில்

பாலக்காட்டு எல்லை, மூணாறு, புளியரை, அந்தப் பக்கம் ஆந்திராவின் சத்தியவேடு வரை தமிழ் பேசுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மறியல், மனு, எம்.எல்.ஏ.வுக்கு போன், கடைப் புறக்கணிப்பு என்று எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மனு எழுதிக் கொடுப்பதும் ஊர்க்கூட்டம் கூட்டுவதும் என் வேலை என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "அக்கா எந்தக் கட்சி?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

மீனாட்சிபுரத்திலிருந்து: குவாரி தமிழ்நாட்டில் இருக்கிறது, லாரி ஓடிக் குழியாவது எங்கள் கேரள ரோடு. பொள்ளாச்சியில் கேட்டால் பாலக்காட்டுச் சித்தூர் போ என்கிறார்கள், சித்தூரில் கேட்டால் பொள்ளாச்சி போ என்கிறார்கள். ரோட்டை மறித்து உட்கார்ந்துவிடலாமா?

உட்காரலாம், ஆனால் அது இப்போது வேண்டாம். உங்கள் மனுவைப் படித்துப் பார்த்தேன். குவாரி ஆழம், லாரி வேகம், ரோட்டுக் குழி, வீட்டுச் சுவர் விரிசல், ஸ்கூல் பிள்ளைகள் என்று ஐந்து குறையையும் ஒரே தாளில் எழுதி, முதலமைச்சரிலிருந்து வில்லேஜ் ஆபீசர் வரை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி அனுப்பினால் ஒவ்வொருவரும் "இதில் என் பங்கு கொஞ்சம்தான்" என்று அடுத்த ஆபீசுக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

எந்தக் காரியத்துக்கும் யார் கையெழுத்து வேண்டும் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். குவாரி குத்தகையும் ஆழமும் கோவை மாவட்ட கனிமவளத் துறை விஷயம், அது கலெக்டர் வரை போகும். அதிக பாரம் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், ரோடு யாருடையது என்பதைப் பொறுத்துக் கேரளப் பொதுப்பணித் துறை அல்லது உங்கள் பஞ்சாயத்து. ஆக மூன்று தனி மனு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோரிக்கை, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழ்நாட்டில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நேரில் கொடுங்கள். கொடுத்த இடத்தில் எல்லாம் உங்கள் நகலில் சீல், தேதி, தபால் நம்பர் (மனுவை ஆபீசில் பதிந்த எண்) மூன்றும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி: "இந்த நம்பர் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன குறிப்பு எழுதப்பட்டுள்ளது?" 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மறியல் அதற்கும் பிறகு. அப்போது பத்திரிகைக்காரரிடம் காட்டக் கையில் காகிதம் இருக்கும்.

வடகரப்பதியிலிருந்து: தமிழில் எழுதிய மனுவை வாங்க மாட்டேன், மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா என்கிறார் கிளார்க். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது.

வாங்கியே ஆக வேண்டும். அரசியல் சட்டம் 350ஆம் பிரிவின்படி, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் யாரும் குறை மனு கொடுக்கலாம். அது போக, கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அவரவர் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. கிளார்க்கிடம் சட்டம் பேசிச் சண்டை போடாதீர்கள். மனுவின் கடைசி வரியில் இந்த இரண்டையும் எழுதிவிட்டு, "வாங்க முடியாது என்றால் அதையே எழுதிக் கொடுங்கள் சார்" என்று அமைதியாக நில்லுங்கள். அதை எழுதிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

பெயர் வேண்டாம் என்றவர்: எம்.எல்.ஏ.வுக்கு போன் போட்டால் பி.ஏ. எடுத்து "சொல்லிடறேன்" என்று வைத்துவிடுகிறார். இதில் பிரயோஜனம் உண்டா?

உண்டு. பி.ஏ.வை அலட்சியமாக நினைக்காதீர்கள், நோட்டில் எழுதுகிறவர் அவர்தான். கோபத்தைக் கொட்டினால் எதுவும் எழுத மாட்டார், எழுதும்படி சொன்னால் எழுதுவார். இப்படிப் பேசுங்கள்: "வணக்கம், இன்ன பஞ்சாயத்து, இன்ன வார்டு ஓட்டர் பேசறேன். குடிதண்ணி பைப் விஷயமா இன்ன தேதி மனு கொடுத்தோம், தபால் நம்பர் இது. எம்.எல்.ஏ. துறைக்கு லெட்டர் கொடுப்பாரா, இல்லை சபையில சப்மிஷனா எழுப்புவாரா? எந்தக் கிழமை திரும்பக் கூப்பிடட்டும்?" (சப்மிஷன் என்றால் சட்டசபையில் அமைச்சரிடம் பிரச்சினையை எழுப்புவது.) அவ்வளவுதான், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். சொன்ன கிழமை கட்டாயம் கூப்பிட வேண்டும், அதே வாரம் உங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் தனித்தனியாகத் தங்கள் வார்த்தையில் கூப்பிட வேண்டும். ஒரே மெசேஜை நூறு பேர் பார்வர்ட் செய்தால் அதை ஒரு ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, சரியான ஆளைக் கூப்பிடுங்கள். மீனாட்சிபுரம் ஸ்டேஷனில் ரயில் நிற்க வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் கேட்டால் அவர் இன்னொருவருக்கு லெட்டர்தான் எழுத முடியும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட் எல்லாம் எம்.பி. விஷயம். இதிலும் நம் ஆட்கள் பாலக்காடு எம்.பி. ஆபீசுக்கு அடிக்கிறார்கள். சித்தூர் சட்டமன்றத் தொகுதி இருப்பது ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில்! மக்களவையில் எழுத்துக் கேள்வி கேட்கவே குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடாதீர்கள், தேதி அறிவித்ததுமே கேள்வியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மூணாறிலிருந்து ஒரு தங்கை: எஸ்டேட்டில் யூனியன்காரர்கள் கம்பெனி பக்கமே பேசுகிறார்கள். நாங்கள் பெண்கள் மட்டும் இறங்கினால் எடுபடுமா?

எடுபடுமா என்று உங்கள் ஊரிலிருந்தே கேட்கிறீர்களே! 2015 செப்டம்பரில் உங்கள் அம்மா, சித்தி எல்லாம் மூணாறு டவுனை நிறுத்திக் காட்டினார்களே. 20 சதவீத போனஸை கண்ணன் தேவன் கம்பெனி பாதியாகக் குறைத்தபோது, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயரும் வந்தது. சமாதானம் பேச வந்த தொகுதி எம்.எல்.ஏ.வையே திருப்பி அனுப்பினார்கள், அப்போதைய கேரள எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் வந்தபோது அவரை மட்டும் கூடவே உட்கார வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாவது நாள் 20 சதவீதம் திரும்பி வந்தது. 8.33 போனஸ், மீதி 11.67 கருணைத் தொகை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், கையில் வந்தது அதேதான்.

அது ஏன் எடுபட்டது என்று யோசித்திருக்கிறீர்களா? கோரிக்கை சின்னது, எல்லோருக்கும் புரிவது, ஒரே ஒரு எண். கையெழுத்துப் போட வேண்டிய ஆளும் கண்ணெதிரே. சுற்றுலா ஊரில் ரோடு அடைத்தால் ஒரே நாளில் திருவனந்தபுரம் வரை சூடு போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதே பெண்கள் 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொல்லி அடுத்து இறங்கியபோது கிடைத்தது 301தான். அந்தக் கோரிக்கை ஒரு கம்பெனி தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை, மொத்தத் தோட்டத் தொழிலுக்கும் சேர்த்து அரசு, முதலாளிகள், யூனியன்கள் உட்காரும் முத்தரப்புக் கமிட்டி மேசையில் பேச வேண்டியது. அங்கே நாற்காலி இருந்தது நீங்கள் திட்டிய அதே யூனியன்களுக்குத்தான். அதற்குள் இயக்கத்தில் பிளவும் வந்துவிட்டது.

அதனால் இறங்குங்கள் தங்கச்சி, ஆனால் முதல் நாளே ஒரு லயத்துக்கு (எஸ்டேட் வரிசை வீடுகளுக்கு) ஒரு ஆள் என்று கமிட்டி போட்டுவிடுங்கள். டிவி மைக் நீட்டினால் யார் பேசுவது என்பதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் வீட்டுக்குள்ளேயே பொறாமை வரும், வெளியே இருப்பவர்களுக்கு விலை பேசவும் ஒரு ஆள் போதும் என்றாகிவிடும்.

வேலந்தாவளத்திலிருந்து: ஒரு குளிர்பானக் கம்பெனியை ஊரே சேர்ந்து புறக்கணிக்கலாம் என்று இருக்கிறோம். பிளாச்சிமடை ஜெயித்த மாதிரி நாமும் ஜெயிக்கலாம் இல்லையா?

நம் பாலக்காட்டுப் பிளாச்சிமடையைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கொக்கோ கோலா ஆலையை நிறுத்தியது, நாம் பாட்டில் வாங்காமல் இருந்ததால் அல்ல. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது, 2002 ஏப்ரல் 22 அன்று மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் போராட்டப் பந்தல் போட்டார்கள், நாளுக்கு நாள் உட்கார்ந்தார்கள். 2000இல் லைசென்ஸ் கொடுத்த அதே பெருமாட்டி பஞ்சாயத்து, பந்தலின் நெருக்கடி தாங்காமல் 2003இல் அதைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதற்குப் பிறகு 2005இல் ஹைகோர்ட் பெஞ்ச் கம்பெனிக்குச் சாதகமாகவும் தீர்ப்புச் சொன்னது, ஆனாலும் ஆலை திறக்கவில்லை, 2017இல் சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியே இனித் திறக்கும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டது. முதலில் அசைந்தது வார்டு மெம்பர்கள் உட்காரும் அந்தச் சின்ன ஆபீஸ்தான்.

முழு ஜெயமா என்றால் அதுவும் இல்லை. நஷ்டம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கமிட்டி 2010இல் சொன்னது, 2011இல் சட்டசபை நஷ்டஈட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காமல் அது அப்படியே போனது. மயிலம்மா 2007இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

புறக்கணிப்பு என்றால் நம் பக்கத்து உதாரணம் 2017. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றன. கொஞ்ச நாள் ஃபிரிட்ஜில் உள்ளூர் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் அடுக்கியிருந்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு? இப்போது எந்தக் கடையிலும் போய்ப் பாருங்கள். "நிறுத்து" என்றார்களே தவிர, எது நடந்தால் திரும்ப விற்போம் என்று யாரும் சொல்லவில்லை. முடிவுப் புள்ளி இல்லாத புறக்கணிப்பு தானாகவே கரைந்துபோகும். பெரிய கம்பெனியை வேலந்தாவளம் மட்டும் வாங்காமல் விட்டால் அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எடை குறைக்கிற பால் சொசைட்டி, கூலி பாக்கி வைத்திருக்கிற அரிசி மில், இந்த மாதிரி உங்கள் முகத்தைத் தினமும் பார்க்கிற ஆளிடம்தான் அது பலிக்கும். அங்கேயும் மாற்றுக் கடை எது, கோரிக்கை என்ன, எந்தத் தேதி வரை என்று மூன்றையும் நோட்டீசில் போடுங்கள். கடைக்காரரின் சாதி, மதத்தை யாராவது இழுத்தால் அந்த ஆளை அன்றே கூட்டத்திலிருந்து அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் விஷயம் வேறாகிவிடும்.

கோபாலபுரத்திலிருந்து: ஒரு நாள் கடையடைப்பு, செக்போஸ்டில் மறியல், இரண்டும் சேர்த்து வைக்கலாமா? கேஸ் வருமா?

பந்த் சட்டவிரோதம் என்று கேரள ஹைகோர்ட் 1997இலேயே சொல்லியாயிற்று. ஹர்த்தாலுக்கு, அதாவது கடையடைப்புக்கு, ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 2019 ஜனவரி உத்தரவு. கடைக்காரர் தானாக அடைத்தால் சரி, நீங்கள் ஷட்டரைப் பிடித்து இழுத்தால் கேஸ். மறியலுக்கு முன் இரண்டு பக்க ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுங்கள், நின்றுகொண்டிருப்பது எந்த மாநில மண்ணில் என்பதிலும் தெளிவாக இருங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் பையன்களை முன் வரிசையில் நிறுத்த வேண்டாம், அவர்கள் பேனர் எழுதட்டும்.

செக்போஸ்டை அடைப்பதில் எனக்குப் பொதுவாகவே இஷ்டம் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக் குமுளிப் பாதை அடைபட்டபோது கம்பம் பக்கத்திலிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற கூலிக்காரர்களுக்குத்தான் அடுப்பு எரியவில்லை. அமைச்சர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புளியரையிலிருந்து: கேரளாவிலிருந்து ராத்திரி லாரியில் குப்பை கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தடுக்க ஆள் சேர்த்து நிற்கிறோம், அடிதடி ஆகிவிடுமோ என்று பயம்.

டிரைவரை அடிக்காதீர்கள், அவன் வாடகைக்கு ஓட்டுகிறவன். குப்பையைக் கையுறை போட்டுப் புரட்டுங்கள், பில், மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த கவர் ஏதாவது இருக்கும். இடம், தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, லாரி நம்பரோடு ஸ்டேஷனுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூரில் கொட்டிய மருத்துவக் கழிவு விஷயத்தில் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்து, கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. எந்த ஆஸ்பத்திரிக் குப்பை என்பதற்கு அந்தக் குவியலிலேயே காகிதம் கிடைத்ததுதான் அதில் முக்கியம்.

சத்தியவேட்டிலிருந்து: தமிழ் மீடியம் ஸ்கூலில் டீச்சர் போஸ்ட் காலி, கேட்க ஆளில்லை.

ஸ்கூல் நிர்வாகக் கமிட்டியில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், கமிட்டியில் பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கமிட்டியில் தீர்மானம் போடுங்கள், தனி மனுவை விட அதற்கு எடை அதிகம். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரச் சொல்கிறது, அதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். 2022க்குப் பிறகு நீங்கள் திருப்பதி மாவட்டம், பழக்கத்தில் சித்தூர் கலெக்டருக்கு அனுப்பிவிடாதீர்கள். (அந்தச் சித்தூர் வேறு, எங்கள் சித்தூர் வேறு. தபால்காரரே குழம்புகிறார்.)

எருத்தேம்பதியிலிருந்து: கிராமசபைக்கு ஆளே வருவதில்லை. மெம்பர் வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதிக்கொள்கிறார்.

கேரளத்தில் வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராமசபை கூட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் அது சபை. ஆயிரம் ஓட்டுள்ள வார்டு என்றால் நூறு பேர். அதே பத்தில் ஒரு பங்கு பேர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்டியாக வேண்டும். நூறு பேரைத் திரட்டுவது கஷ்டம் என்று நினைக்காதீர்கள், தொழிலுறுதி (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலைக்கு ஒன்றாகப் போகிற பெண்கள், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுய உதவிக் குழுக் கூட்டம் இரண்டையும் பிடித்தால் போதும், நேரத்தை மட்டும் வேலை முடிகிற மூன்று மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த நாள் மெம்பர் தானே வந்து கூட்டம் எப்போது வைக்கலாம் என்று கேட்பார்.