கினுயோ தனகா நடிகை மட்டும்தானா, படமும் இயக்கினாரா?

இயக்கினார், 6 படங்கள். 1909ல் ஜப்பானின் ஷிமோனோசெகியில் பிறந்தவர், 14 வயதிலேயே ஊமைப்படங்களில் நடிக்க வந்துவிட்டார், 1931ல் ஜப்பானின் முதல் முழுநீளப் பேசும்படத்திலும் அவர்தான் நாயகி. அப்புறம் இயக்குநர் மிசோகுச்சியின் படங்கள் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. ஆனால் அவர் இயக்குநராகக் கிளம்பியபோது அதே மிசோகுச்சி எதிர்த்தார். இதை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. தனகா பின்வாங்கவில்லை, 1953ல் முதல் படம் 'கோயிபுமி' (காதல் கடிதம்) வெளிவந்து அடுத்த ஆண்டே பிரான்சின் கான் திரைப்பட விழாப் போட்டிக்குப் போனது. இன்னொரு இயக்குநரான ஓசு, தான் வேறொருவரோடு சேர்ந்து எழுதிய திரைக்கதையையே அவரிடம் கொடுத்தார், அதுதான் இரண்டாவது படம். மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு கவிஞரைப் பற்றி 1955ல் அவர் எடுத்த படத்தைக் கட்டாயம் பாருங்கள், அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் உடலையும் ஆசையையும் இவ்வளவு நேராகப் பேசியது பெரிய துணிச்சல். நடிப்பையும் விடவில்லை: 1975ல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது, 1977ல் மறைவு.