எட்டு மாதப் பிள்ளையோடு தனியே ரொறன்ரோவுக்கு

தங்கச்சி, திருக்கோவிலில் இருந்து எட்டு மாத மகளோடு தனியே ரொறன்ரோவுக்கு வர வேண்டும், கணவர் ஸ்காபரோவில் இருக்கிறார், இதுவரை விமானமே ஏறியதில்லை, பிள்ளை வழி முழுக்க அழுதால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஊர் ஆரையம்பதி. 2011 தை மாதம் ஏழு மாத மகனோடு நானும் இப்படித்தான் தனியே வந்தேன். அவன் இப்போது என்னை விட உயரம்.

பிள்ளை அழும். அழட்டும். விமானத்தின் இரைச்சலில் நாலு வரிசை தள்ளி இருப்பவருக்கு அது பாதிதான் கேட்கும். நீங்கள் யோசிக்க வேண்டியது அழுகையைப் பற்றியல்ல, கையைப் பற்றி. ஊரில் குளிக்கப் போனால் பிள்ளையை அம்மா வாங்குவா, அடுப்படிக்குப் போனால் சித்தி வாங்குவா, ஒருவரும் இல்லாவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாமியிடம் நீட்டலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் இடத்தைத் தாண்டியதும் உங்களுக்கு இருப்பது இரண்டே கை. ஒன்றில் பிள்ளை. மற்றதில் பாஸ்போட், போர்டிங் பாஸ், பை, பால் போத்தல் எல்லாம்.

அதனால் தோளில் தொங்கும் ஹேண்ட்பேக் வேண்டாம், முதுகில் போடும் பை எடுங்கள். பாஸ்போட் இரண்டும் கடிதங்களும் கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் இருக்கட்டும். பிள்ளையை நெஞ்சோடு கட்டும் கரியர் ஒன்றைக் கணவரிடம் கேட்டு எடுப்பியுங்கள். ஆனால் சோதனை நடக்கும் இடத்தில் பிள்ளையை அதிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள், ஸ்ட்ரோலரையும் மடித்து பெல்ட்டில் வைக்கச் சொல்வார்கள். மாறி ஏறும் இடத்தில் எனக்கு அங்கேதான் எல்லாம் பிழைத்தது. ஒரு கையில் மகன், மறுகையால் ஸ்ட்ரோலரை மடிக்கப் பார்க்கிறேன், அது மடியவில்லை. பின்னால் நீண்ட வரிசை. பிளாஸ்க் சரிந்து சுடுதண்ணி நிலமெல்லாம் ஓடுகிறது. அப்படியே தரையில் குந்தி விட்டேன். இரண்டு வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர ஒருவரும் குனியவில்லை. நான் வாய் திறந்து கேட்கவுமில்லை, அது என் பிழை. நீங்கள் வீட்டு முற்றத்திலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் ஸ்ட்ரோலர் மடித்துப் பழகுங்கள். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். இடையில் மாறும் இடத்தில் ஸ்ட்ரோலரைக் கையில் தருவார்களா, அல்லது அது நேரே ரொறன்ரோவுக்குப் போய்விடுமா என்று கொழும்பில் பெட்டி போடும்போதே கேளுங்கள்.

இன்னொன்று, அரைஞாணும் தண்டையும். வெள்ளி என்றால் மெஷின் கத்தும், கழற்றச் சொல்வார்கள். இறுகிய தண்டையை அழுகிற பிள்ளையின் காலில் இருந்து அந்த இடத்தில் கழற்றுவது லேசில்லை. முதல் நாளே கழற்றி வையுங்கள். கறுப்பு நூல் கிடக்கட்டும், அது கத்தாது, அம்மம்மாவுக்கும் ஆறுதல். பிள்ளைக்கான பாலுக்கும் கொதித்தாறிய தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் 100 மில்லி லீற்றர் கட்டுப்பாடு இல்லை, வழிக்கு வேண்டிய அளவு கொண்டு போகலாம். வெளியே எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுநாயக்காவுக்கு வரும் வழியையும் யோசியுங்கள். அம்பாறை, மகியங்கனை, கண்டி வழி கிட்ட என்று வேன்காரர் சொல்லுவார். அந்த மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் பிள்ளை சத்தி எடுத்தால் விமானம் ஏறும் முன்பே நீங்கள் களைத்து விடுவீர்கள். மட்டக்களப்பு, பொலன்னறுவை, குருநாகல் வழி மட்டமானது. முதல் நாளே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். அந்தக் காசு வீண் இல்லை.

கடிதங்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்குத் தனிப் பாஸ்போட் எடுத்திருப்பீர்கள். பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். தாய் மட்டும் பிள்ளையைக் கூட்டி வருவதால், தனக்குச் சம்மதம் என்று கணவர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் இருக்கட்டும். கிளினிக் கொப்பியை மறந்தும் பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம். 2, 4, 6 மாத ஊசி எல்லாம் அதில்தான் இருக்கிறது, இங்கே டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பாஸ்போட் படம் எடுத்த பிறகு கோயிலில் முடி இறக்கியிருந்தால் படத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இருக்காது. பயப்பட வேண்டாம். என் மகனைப் பார்த்து பாஸ்போட் பார்த்த அதிகாரி சிரித்தார், விட்டார்.

விமானத்துக்குள் முன்வரிசைச் சுவரில் பொருத்தும் தொட்டில் உண்டு. டிக்கட் போடும்போதே கேட்டு வைக்க வேண்டும். பிள்ளையின் நிறைக்கு அளவு உண்டு, அது கம்பனிக்குக் கம்பனி மாறும். எனக்கு உறுதி என்று சொல்லிவிட்டு ஏறிய பிறகு இல்லை என்றார்கள், ஆகவே போக முதல் நாளும் ஒருக்கா போன் பண்ணிக் கேளுங்கள். கிடைத்தாலும் அதையே முழுக்க நம்ப வேண்டாம். ஏணையில் ஆடி நித்திரை கொண்ட பிள்ளைக்கு அசையாத பெட்டி பிடிக்காது. சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் நித்திரையான பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, தருகிற சின்னப் பெல்ட்டை உங்கள் பெல்ட்டோடு கொழுவ வேண்டும். முன்வரிசையில் பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். இரண்டு பம்பர்ஸ், ஒரு சட்டை, துடைக்கிற ஈரத்தாள், ஒரு சூப்பி, இவ்வளவையும் சின்னப் பையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருங்கள்.

மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்கினால் காதடைப்பு விடும். முக்கியமாக இறங்கும்போது, ஏனென்றால் நிலம் தட்டுவதற்கு அரை மணி முன்பே காது வலிக்கத் தொடங்கிவிடும். நித்திரைக்கு என்று பிரிட்டோன் பாணி (அலர்ஜி மருந்து) கொடுக்கச் சொல்லி ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்லுவார். கொடுக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு ஆபத்து, சில பிள்ளைகள் நித்திரைக்குப் பதில் இன்னும் துடிக்கும். காய்ச்சல் மருந்து வேண்டுமானால் பிள்ளையின் நிறையைச் சொல்லி டொக்டரிடம் அளவு கேட்டு எடுத்து வாருங்கள்.

நீங்கள் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி ஒன்று இருக்கும், டொய்லெட்டுக்குப் போனால் பிள்ளை யாரிடம்? பணிப்பெண்ணிடம் கேளுங்கள், சாப்பாடு கொடுக்காத நேரமென்றால் வைத்திருப்பார்கள். கொழும்பில் இருந்து டுபாய், டோஹா போகும் முதல் ஐந்து மணி நேரம் நம் ஊர்ப் பெண்கள் நிறைய வருவார்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எனக்குப் பக்கத்தில் ஏறாவூர்த் தாத்தா, அதுதான் முஸ்லிம் அக்கா, ஒருவர் இருந்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை. "தா புள்ள, நீ சாப்பிடு" என்று மகனை வாங்கினா. இரண்டு மணி நேரம் தோளில் போட்டு வைத்திருந்தா. மறுகாதான் சொன்னா, நாலு வயதுப் பெண் பிள்ளையைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாவாம். இறங்கும்போது மகனின் பிடரியை மணந்து பார்த்துவிட்டுத் தந்தா. பேர்கூடக் கேட்காமல் விட்டேன்.

அதன் பிறகு வரும் பதினாலு மணி நேரத்துக்கு ஒரு தந்திரமும் இல்லை. நடவுங்கள், பாடுங்கள், பிள்ளை கண்ணை மூடினால் நீங்களும் மூடுங்கள்.

கணவரிடம் இப்போதே சொல்ல வேண்டியது, கார் சீட். இங்கே கைக்குழந்தையை மடியில் வைத்துக் காரில் போக முடியாது, சட்டம் விடாது. பின்பக்கம் பார்த்தபடி பூட்டும் சீட்டோடு அவர் விமான நிலையத்துக்கு வர வேண்டும், அதை எப்படிப் பூட்டுவது என்று வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும். குளிர் காலமென்றால் தடித்த ஜக்கட்டோடு பிள்ளையை அதில் கட்டக் கூடாது, பட்டி இறுகாது. கட்டிய பிறகு மேலால் போர்வை போடுங்கள். குளிரில் இங்கேக்கும் ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். முதல் ஒரு வாரம் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு எழும்பி விளையாடும். அந்த நேரம் அவருடைய முறை. வந்த அன்றே சொல்லி விடுங்கள்.

ஏணை கட்டிய சேலையைக் கைப்பையில் வையுங்கள். கழுவ வேண்டாம்.