ஒரே நெபுலாவை ஏன் நூறு தடவை படம் எடுக்கிறார்கள்?

வானில் ஒரே இடத்தைப் பல தடவை படமெடுத்து, நட்சத்திரங்களை அடையாளமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மென்பொருளால் சராசரி எடுப்பதுதான் ஸ்டாக்கிங்.

சரி, ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஓரியன் நெபுலாவை (நெபுலா என்பது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு, தூசு மேகம்) 30 விநாடி எடுத்த ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாயு மேகம் மங்கிக் கரையும் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். அதுதான் இரைச்சல். மங்கலான பொருளின் ஒளி சீராக வருவதில்லை, விட்டுவிட்டுத்தான் வந்து விழும்; கேமரா சென்சாரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிழை சேர்க்கும். ஆனால் இந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் மாறும், நெபுலா மாறாது. சந்தைச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் ஒரே பாட்டைப் பல தடவை பாடிப் பதிவுசெய்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் பாட்டு ஓங்கும், சத்தம் அமுங்கும் இல்லையா? அதே கதைதான்.

கணக்கும் அழகானது: 4 படம் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும், 100 படம் சேர்த்தால் பத்தில் ஒரு பங்காகும். முதல் சில படங்களிலேயே பெரிய மாற்றம் தெரிவது இதனால்தான். அப்புறம், சென்சாரில் நிரந்தரமாக ஒளிரும் புள்ளிகள் இடம் மாறாதவை. அதனால் சராசரி எடுப்பதால் மட்டும் அவை முழுதாகப் போகாது; லென்ஸை மூடி எடுக்கும் இருட்டுப் படங்களைக் கழித்து அவற்றை நீக்கலாம்.

ஸ்டாக்கிங் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஃபோகஸ் தப்பிய நூறு படங்களைச் சேர்த்தால், இரைச்சல் குறைந்த ஒரு மங்கல் படம்தான் கிடைக்கும்.