ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவில்லை, அடுத்தவருக்கு விற்றுவிடலாமா?

கேள்வி: என்னுடைய டாட் காம் டொமைன் ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் விட்டேன். ஒருவர் 4,200 டாலருக்கு எடுத்தார். 7 நாளில் பணம் கட்ட வேண்டும் என்பது தளத்தின் விதி, இன்றோடு 12 நாள் ஆகிறது. "முதலில் டொமைனை மாற்றிக் கொடுங்கள், அன்றே அனுப்புகிறேன்" என்று ஒரு மெயில் போட்டதோடு சரி. 3,900 வரை கேட்ட இரண்டாமவர் இப்போது 1,500-க்கு மேல் தர முடியாது என்கிறார், விலையை ஏற்றிவிட்டது உங்கள் ஆள்தானே என்றும் கேட்கிறார். அவருக்கே கொடுத்துவிடவா? முதலாமவர் மேல் வழக்குப் போட முடியுமா? 5 வாரத்தில் டொமைன் காலாவதியாகிறது.

பதில்: இன்றைக்கே இரண்டாமவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பணம் கட்டாதது முதலாமவரின் தவறுதான், ஆனால் அவரோடு போட்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை முறையாக முடிக்காமல் இன்னொருவருக்கு விற்றால், நாளை அவர் பணத்தோடு வந்து நின்று, ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

ஏலத்தில் கேட்கிற தொகை ஒரு முன்மொழிவு, சுத்தியல் விழுவதுதான் ஏற்பு. இங்கிலாந்தில் 1789-இல் பெய்ன் எதிர் கேவ் வழக்கிலேயே சொன்ன விஷயம் இது. ஆன்லைனில் சுத்தியல் ஏது என்று சிலர் வாதாடுவார்கள். ஆனால் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2001-இல், ஆன்லைனில் ஏலம் போன ஒரு கார் விஷயத்தில், நேரம் முடிந்தபோது அதிகம் கேட்டிருந்தவரோடு ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது என்றே தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மாட்டிக்கொண்டவர் விற்றவர், விலை போதவில்லை என்று காரைக் கொடுக்க மறுத்தவர். ஏல ஒப்பந்தம் இரண்டு பக்கமும் கட்டும் என்பதால்தான் உங்களையும் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

முதலில் தளத்துக்கு எழுதி, இந்த விற்பனை ரத்து என்று எழுத்தில் வாங்குங்கள். கெடு தாண்டினால் தளமே ரத்து செய்யலாம் என்று பெரும்பாலும் விதியில் இருக்கும், அதுதான் சீக்கிரமான வழி. கூடவே ரத்தான ஏலத்துக்குக் கமிஷன் கேட்பார்களா, இரண்டாமவருக்குத் தளத்துக்கு வெளியே விற்றால் விதிமீறல் ஆகுமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளம் இழுத்தடித்தால் நீங்களே ஒரு கடைசி நோட்டீஸ் அனுப்புங்கள்.

எது நடந்தாலும் பணம் வருமுன் டொமைனைப் புஷ் செய்யாதீர்கள், அதாவது அவர் கணக்குக்கு மாற்றிவிடாதீர்கள். போன டொமைனைத் திரும்பப் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. டொமைன் தகராறுகளுக்கான யூடிஆர்பி என்ற நடைமுறை இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள், ஆனால் 1999-இல் வந்த அந்த நடைமுறை வணிகக் குறியைக் கெட்ட எண்ணத்தோடு டொமைனாகப் பதிவு செய்தவர்கள் மேல் புகார் கொடுக்கத்தான், விலை பாக்கிக்கு அங்கே போக முடியாது. கார்டில் வந்த பணத்தைக்கூட சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். எஸ்க்ரோவில், அதாவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடைத்தரகர் கணக்கில், பணம் வந்து உட்கார்ந்த பிறகுதான் டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாமவர் விஷயம் கொஞ்சம் கசப்பானது. அவருக்கு மேல் ஒருவர் கேட்ட நிமிடமே அவருடைய 3,900 காலாவதியாகிவிட்டது, தளத்தின் விதியில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. முதலாமவர் இல்லாமல் இருந்திருந்தால் மூன்றாமவர் நின்ற தொகைக்குச் சற்று மேலேயே ஏலம் முடிந்திருக்கும், அதைத்தான் அவர் கணக்குப் போடுகிறார், அது நியாயமும்கூட. அவருடைய சந்தேகத்துக்கும் கோபப்படாதீர்கள். ஸ்னாப்நேம்ஸ் என்ற டொமைன் ஏலத் தளத்தில் அதன் உயர் அதிகாரி ஒருவரே ஹால்வரெஸ் என்ற பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றியது 2009-இல் வெளியே வந்ததிலிருந்து இந்தத் தொழிலில் இந்தப் பயம் போகவே இல்லை. தளத்தின் ரத்துக் கடிதத்தை அவருக்கு அனுப்புங்கள், அதைவிட நல்ல பதில் கிடையாது. அப்புறம் 1,500-இலிருந்து பேசத் தொடங்குங்கள்.

வழக்கைப் பற்றி. ஒப்பந்தத்தை நிலைநிறுத்தி 4,200-ஐ முழுசாகக் கேட்கலாம், அப்போது டொமைனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தத்தை முடித்து, வேறொருவருக்கு விற்று, வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. வித்தியாசம் கேட்பதானால் நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்று நீதிமன்றம் பார்க்கும், ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு வந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். 2,000-க்கு விற்றால் நஷ்டம் 2,200, அத்தோடு மறு விற்பனைச் செலவு. அவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்து, சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றமும் அங்கே இருந்தால் போடுங்கள். வெறும் ஒரு பயனர் பெயரும் மெயிலும்தான் கையில் இருக்கிறது என்றால் இந்தத் தொகைக்கு நான் வழக்கு எடுக்கச் சொல்ல மாட்டேன், ஆளைக் கண்டுபிடிக்கவே அதைவிட அதிகம் செலவாகும். அவர் பெயரைப் போட்டு மோசடிக்காரர் என்று பொதுவெளியில் எழுதவும் வேண்டாம், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். நடந்ததைத் தேதியோடு தளத்துக்கு மட்டும் எழுதுங்கள்.

டொமைனை இந்த வாரமே புதுப்பித்துவிடுங்கள். தவறவிட்டு டொமைன் நீக்கப்பட்டால் மீட்புக் காலமான 30 நாளில் கூடுதல் கட்டணம் கட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் போனால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

நோட்டீஸில் இவ்வளவு போதும், தளத்தின் மெசேஜ் வழியாகவும் மெயிலிலும் அனுப்புங்கள்: "இன்ன தேதியில் முடிந்த ஏலத்தில் இந்த டொமைனை 4,200 டாலருக்கு எடுத்தீர்கள். 7 நாள் கெடு முடிந்தும் பணம் வரவில்லை. இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து 5 நாளுக்குள் முழுத் தொகையும் எஸ்க்ரோவில் வராவிட்டால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்ததாகக் கொண்டு டொமைனை வேறொருவருக்கு விற்பேன். அதில் ஏற்படும் நஷ்டத்தை உங்களிடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டு."