கடற்பாசியில் வைட்டமின் சி: அம்மாவின் ஈறு ரத்தக்கசிவுக்கு உதவுமா?

உதவாது. கடற்பாசியில் வைட்டமின் சி உண்டு என்று ஒரு கட்டுரையில் படித்து, நீங்கள் ஒரு மாதமாக அம்மாவுக்குப் பாலில் காய்ச்சிக் கொடுக்கும் கடற்பாசியில் அது அநேகமாக இல்லை.

புதுச்சேரி மளிகைக் கடையில் வாங்கியதாகச் சொன்னீர்கள். அது சைனா கிராஸாகத்தான் இருக்கும். பாசியை வேகவைத்து, பசையை மட்டும் பிரித்து உலர்த்தியது. வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். மிஞ்சுவது நார்ச்சத்து. நீங்கள் படித்த கட்டுரை பச்சைப் பாசியைப் பற்றியதாக இருக்கலாம். நோரி என்ற ஜப்பானிய உலர்பாசித் தாளைச் செய்யப் பயன்படும் சிவப்புப் பாசியில் பச்சையாக 100 கிராமுக்குச் சுமார் 39 மி.கி. வைட்டமின் சி உண்டு. ஆனால் ஒரு நோரித் தாளின் எடையே 3 கிராம்தான்!

நீங்கள் வாங்கியது எது என்று சரிபார்க்க, அதில் ஒரு சிட்டிகையைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் கரைத்து ஆறவிடுங்கள். ஜெல்லியாக உறைந்தால் அது பெரும்பாலும் சைனா கிராஸ்தான்.

பெண்களுக்கு நாளைக்கு 65 மி.கி. வைட்டமின் சி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும் கொய்யாவில் பாதி கொடுத்தாலே அது தாராளமாகக் கிடைத்துவிடும். பல் வலித்தால் மசித்துக் கொடுங்கள். நெல்லிக்காயும் நல்லது, ஆனால் வேகவைக்காமல்.

அப்புறம், அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வேறு கடற்பாசி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கோம்பு போன்ற பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம். கடற்கரைப் பாறையில் ஒட்டியிருப்பதைப் பறித்து வருவதும் வேண்டாம், சாக்கடை கலக்கும் இடமாக இருக்கலாம்.

ஈறு ரத்தக்கசிவுக்குப் பல்லில் படிந்து இறுகும் பற்காரையும் காரணமாகலாம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.